இரும்புக்குள் ஓடும் காந்த அலை: நியூட்ரான் டேட்டாவை வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கலாமா?

அரூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு நியூட்ரானோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் தேடிப் போகவில்லை. அதுவே கடைக்கு வந்தது.

எம்.எஸ்சி. இயற்பியல் இறுதி ஆண்டு மாணவி ஒருவர், தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர், தன் லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். "அண்ணா, ஒரு ஃபைலைத் திறந்தா சிஸ்டம் ஹேங் ஆயிடுது. பத்து நாள்ல புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும்" என்றார். வைரஸ் இருக்குமோ என்று ஸ்கேன் செய்தேன். ஒன்றும் இல்லை. ஹார்டு டிஸ்க்கும் நன்றாகவே இருந்தது. "என்ன ஃபைல்மா இது?" என்று கேட்டேன். "இரும்பு சூப்பர்கண்டக்டர்ல எடுத்த நியூட்ரான் சிதறல் டேட்டா. கைடு பயிற்சிக்குக் கொடுத்தார்" என்றார்.

நானும் ஒரு காலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன்தான். விட்டுப்போன ஆசை மறுபடி தலைதூக்கியது. அந்தப் பத்து நாளில் அவரிடமிருந்தும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதில் பாதி இயற்பியல், பாதி நம் கம்ப்யூட்டர் சமாச்சாரம்.

இரும்புக்கும் சூப்பர்கண்டக்டருக்கும் ஆகாது

சாதாரணக் கம்பியில் கரண்ட் ஓடும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகும். சில பொருட்களை நன்றாகக் குளிர வைத்தால் இந்தத் தடை அடியோடு மறைந்துவிடும். இதைத்தான் சூப்பர்கண்டக்டர் என்கிறோம். 1911-ல் நெதர்லாந்தில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தில் இதை முதன்முதலில் கண்டார். அதற்கு மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு 1957-ல் விடை கிடைத்தது. எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன. அணுக்களின் அதிர்வு அந்த ஜோடியைச் சேர்த்துவைக்கும் பசையாக வேலை செய்கிறது. இந்த ஜோடிக்குக் காந்தம் என்றால் ஆகாது. சூப்பர்கண்டக்டரில் சிறிதளவு காந்த அணுக்களைக் கலந்தாலே ஜோடிகள் பிரிந்துவிடும். காந்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரும்பு. அதனால் புதிய சூப்பர்கண்டக்டர் தேடுகிறவர்கள் இரும்புப் பக்கம் அதிகம் போகவில்லை.

2008 பிப்ரவரியில் ஜப்பானின் ஹிடியோ ஹோசோனோ குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. லாந்தனம், இரும்பு, ஆர்சனிக், ஆக்சிஜன் சேர்ந்த பொருளில் கொஞ்சம் ஃபுளோரின் கலந்தபோது அது 26 கெல்வினில், அதாவது மைனஸ் 247 டிகிரியில், சூப்பர்கண்டக்டர் ஆனது. சில மாதங்களிலேயே லாந்தனத்துக்குப் பதில் சமேரியம் வைத்து 55 கெல்வின் வரை போய்விட்டார்கள். அணு அதிர்வு மட்டும் இவ்வளவு உயர்ந்த வெப்பநிலையைத் தர முடியாது என்று அந்த ஆண்டே கணக்குகள் காட்டின. அப்படியானால் பசை எது?

நம் மாநிலத்திலும் இந்த வேலை நடந்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பேரியம், இரும்பு, ஆர்சனிக் சேர்ந்த படிகத்தை வளர்த்து, அதை அழுத்தத்துக்கு உட்படுத்தினால் சூப்பர்கண்டக்டர் ஆவதை 2009-ல் பதிவு செய்தார்கள்.

காந்த அலை என்றால் என்ன?

பேரியம்-இரும்பு-ஆர்சனிக் படிகத்தில் ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அறை வெப்பநிலையில் இவை ஒழுங்கில்லாமல் இருக்கும். சுமார் 138 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்ததும் வரிசை பிடித்து நிற்கும். ஒரு திசையில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் எதிரெதிர் முகம். குறுக்குத் திசையில் பார்த்தால் ஒரே முகம். கோடு போட்ட சட்டைத் துணி போல ஒரு பட்டை மேல்நோக்கி, அடுத்த பட்டை கீழ்நோக்கி.

இப்போது ஒரு காந்தத்தை மட்டும் லேசாக அசைத்தால் என்ன ஆகும்? தேர் வடத்தின் ஒரு முனையைச் சுண்டினால் அலை மறுமுனை வரை ஓடுகிறதல்லவா? அதுபோல அந்த அசைவு பக்கத்துக் காந்தத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்குப் போய் அலையாக ஓடும். இதுவே காந்த அலை. இயற்பியலில் ஸ்பின் வேவ் என்பார்கள்.

பேரியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் போட்டால் இந்த வரிசை கலைகிறது. அதன்பின் அந்தப் பொருள் 38 கெல்வினில் சூப்பர்கண்டக்டர் ஆகிறது. வரிசை போய்விட்டாலும் காந்தங்களின் அசைவு போவதில்லை. அந்த அசைவுதான் எலக்ட்ரான் ஜோடிகளைச் சேர்க்கும் பசையோ? இந்தக் கேள்விக்காகத்தான் நியூட்ரானைக் கூப்பிட்டார்கள்.

ஏன் நியூட்ரான்?

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் எலக்ட்ரான் கூட்டத்தால் தடுக்கப்படாமல் பொருளுக்குள் ஆழமாகப் போகும். ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம். ஆகவே உள்ளே இருக்கும் காந்தங்களை உணரும். போகிற வழியில் ஒரு காந்த அலையைக் கிளப்பிவிட்டால் நியூட்ரானின் ஆற்றல் அந்த அளவுக்குக் குறையும். வெளியே வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அளந்தால் உள்ளே எந்த அலை கிளம்பியது என்று தெரிந்துவிடும்.

இந்த முறையில் காந்த அலையை முதலில் அளந்தவர் கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தில் இருந்த பெர்ட்ரம் பிராக்ஹவுஸ். 1957-ல் வெளியான அவரது அளவீட்டில் பயன்பட்ட பொருள் மேக்னடைட், அதாவது காந்தக்கல். இதைப் படித்ததும் மாணவியின் முகம் மலர்ந்தது. எங்கள் தீர்த்தமலைப் பாறைகளில் இருக்கும் இரும்புத்தாதுவும் அதே மேக்னடைட்தான். சின்ன வயதில் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கறுப்பு மணலில் புரட்டி விளையாடியிருக்கிறோம். அதே கனிமத்துக்குள் ஓடும் அலையை ஒருவர் அளந்திருக்கிறார். பிராக்ஹவுஸுக்கும் அமெரிக்காவின் கிளிஃபோர்டு ஷல்லுக்கும் 1994-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த 1950-களில் பிராக்ஹவுஸுடன் வேலை செய்து திரும்பியவர் பி.கே. ஐயங்கார். டிராம்பேயில் நியூட்ரான் சிதறல் ஆய்வை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். டிராம்பேயின் துருவா அணு உலை 1985-ல் இயங்கத் தொடங்கியது. 100 மெகாவாட் திறன் கொண்ட அதைச் சுற்றி நியூட்ரான் கருவிகள் அமைக்கப்பட்டன.

மைக்ரோ செகண்ட் கணக்கு

நியூட்ரானின் ஆற்றலை எப்படி அளப்பது? நம் ஊர் டைம் கீப்பர் செய்கிற வேலைதான். அரூரில் கிளம்பிய பஸ் மொரப்பூருக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று தெரிந்தால் அதன் வேகம் தெரியும் அல்லவா? நியூட்ரானுக்கும் அப்படியே. ஒரே வேகத்தில் வரும் நியூட்ரான்களை மட்டும் சுழலும் கதவு போன்ற ஒரு கருவியால் பொறுக்கி எடுத்து அனுப்புகிறார்கள். சாம்பிளில் பட்டபின் அவை டிடெக்டருக்கு வந்து சேரும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

இதை நீங்களே எக்ஸெல்லில் போட்டுப் பார்க்கலாம். சூத்திரம் எளிது. நியூட்ரானின் ஆற்றலை மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் எடுத்துக்கொண்டு 5.227-ஆல் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். கிடைப்பது நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். எக்ஸெல்லில் வர்க்கமூலத்துக்கு எஸ்கியூஆர்டி என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

1. முதல் செல்லில் 60 என்று கொடுங்கள். இது சாம்பிளுக்குள் போகும் நியூட்ரானின் ஆற்றல். வேகம் 3.388 என்று வரும். அதாவது நொடிக்கு 3,388 மீட்டர்.

2. அடுத்த செல்லில் 46 கொடுங்கள். இது சாம்பிளில் 14 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை இழந்து வெளியே வரும் நியூட்ரான். வேகம் நொடிக்கு 2,967 மீட்டர்.

3. சாம்பிளிலிருந்து டிடெக்டர் 2.5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5-ஐ வேகத்தால் வகுத்தால் முதல் நியூட்ரானுக்கு 738 மைக்ரோ செகண்ட், இரண்டாவதற்கு 843 மைக்ரோ செகண்ட்.

வித்தியாசம் 105 மைக்ரோ செகண்ட். அதாவது ஒரு நொடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சின்னத் தாமதம்தான் காந்த அலை விட்டுச்சென்ற தடயம்.

14 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2008 டிசம்பரில் நேச்சர் இதழில் ஆண்ட்ரூ கிறிஸ்டியான்சன் முதலானோர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் ஐசிஸ் நியூட்ரான் நிலையத்தில் மெர்லின் என்ற கருவியில் எடுத்த அளவீடு அது. பொட்டாசியம் கலந்த அந்த 38 கெல்வின் சூப்பர்கண்டக்டரில், குளிர்ந்து சூப்பர்கண்டக்டர் ஆனதும் 14 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு புதிய மேடு எழுந்தது. சூடாக்கினால் மறைந்தது.

அந்த மேடு இருந்த இடத்தையும் சோதித்துப் பார்க்கலாம். அது ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 1.15 என்ற உந்த மாற்றத்தில் இருந்தது. 6.283-ஐ 1.15-ஆல் வகுத்தால் சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம். இரும்பு அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 2.8. அதன் இரு மடங்கு 5.6. ஒரு காந்தம் மேலே, அடுத்தது கீழே, அதற்கடுத்தது மறுபடி மேலே என்று நிற்கும்போது அதே முகம் திரும்ப வரும் தூரம் அதுதானே! ஆகவே அந்த மேடு எதிரெதிர் காந்தங்களின் அசைவிலிருந்து வருகிறது. எலக்ட்ரான் ஜோடிகள் சேரும் அதே வெப்பநிலையில் அது தலைகாட்டுகிறது. ஜோடி சேர்வதற்கும் காந்த அசைவுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இது வலுவான சாட்சி. ஆனாலும் பசை அது மட்டும்தானா என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் முடியவில்லை.

லேப்டாப் ஏன் ஹேங் ஆனது?

இப்போது நம் பிரச்னைக்கு வருவோம். ஒற்றைப் படிகத்தில் எடுக்கும் நியூட்ரான் டேட்டாவுக்கு நான்கு அச்சுகள் உண்டு. உந்த மாற்றத்துக்கு மூன்று திசைகள், ஆற்றலுக்கு ஒன்று. மாணவி ஒவ்வோர் அச்சையும் 100 கட்டங்களாகப் பிரித்திருந்தார். 100-ஐ நான்கு முறை பெருக்குங்கள். 10 கோடி கட்டங்கள்! ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கைக்கு ஒரு எண், அதன் பிழைக்கு ஒரு எண். ஓர் எண்ணுக்கு 8 பைட். மொத்தம் 160 கோடி பைட், சுமார் 1.6 ஜிபி. அவருடைய லேப்டாப்பில் இருந்ததோ 4 ஜிபி ராம். விண்டோஸ் எடுத்துக்கொண்டது போக மீதி எங்கே?

ஓர் அச்சுக்கு 50 கட்டம் என்று குறைத்தோம். 62.5 லட்சம் கட்டங்கள், 100 எம்பி. சட்டென்று திறந்தது. பாதியாகக் குறைத்தால் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது பாருங்கள். பெரிய கட்டத்தில் நுணுக்கம் கொஞ்சம் மங்கும். ஆனால் ஒரு லாபமும் உண்டு. ஒரு கட்டத்தில் 100 நியூட்ரான் விழுந்தால் பிழை அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் பிழை 100, அதாவது 1 சதவீதம். கட்டத்தைப் பொடிப்பொடியாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் நாலைந்து நியூட்ரான்தான் மிஞ்சும். படம் அழகாக இருக்கும், நம்ப முடியாது.

திரையில் ஒரு பளிச் புள்ளி

படம் வந்ததும் மாணவி துள்ளினார். 14-க்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு சிவப்புப் புள்ளி. "அண்ணா, இதுதான் நேச்சர்ல வந்த காந்த மேடு! ரிப்போர்ட்ல நாலாவது அத்தியாயமே இதுதான்" என்றார். தலைப்புகூட டைப் செய்துவிட்டார்.

கைடு கொடுத்த குறிப்பில் இரண்டு சோதனைகள் இருந்தன. அதையும் செய்துவிடலாம் என்றேன். எல்லோரும் செய்ய வேண்டிய சோதனைகள் இவை.

சோதனை ஒன்று: தூரம். படிகத்தில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால் வரைபடத்திலும் அதே போன்ற இடம் தள்ளித் தள்ளி மறுபடியும் வரும். காந்தத்திலிருந்து வரும் சிக்னல், உந்த மாற்றம் கூடக்கூட மங்கும். காரணம், காந்தத்தன்மை அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களில் பரவிக் கிடக்கிறது. அணு அதிர்விலிருந்து வரும் சிக்னல் இதற்கு நேர்மாறு. உந்த மாற்றம் இரு மடங்கானால் அது ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

சோதனை இரண்டு: வெப்பநிலை. சூப்பர்கண்டக்டர் நிலைக்குச் சற்று மேலேயும் கீழேயும் எடுத்த இரண்டு ஃபைல்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும். காந்த மேடு என்றால் மீதி நிற்கும். அணு அதிர்வு என்றால் இரண்டிலும் அநேகமாக ஒரே அளவு இருந்து கழிந்துபோகும்.

முதல் சோதனையில் தள்ளிப் போகப் போகப் புள்ளி இன்னும் பளிச்சென்று ஆனது. இரண்டாவதில் கழித்தபின் மிஞ்சியது பிழைக்குள் அடங்கிவிட்டது. மாணவி சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. அது காந்தம் இல்லை, அணு அதிர்வு. இந்தக் குடும்பப் பொருட்களில் அணு அதிர்வுகள் சுமார் 40 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை நிறைந்திருக்கும். கால்சியம்-இரும்பு-ஆர்சனிக்கில் இந்த அதிர்வுகளை அளந்து 2009-ல் வெளியிட்ட குழுவில் டிராம்பே விஞ்ஞானிகளும் இருந்தார்கள். அதே பொருளில் காந்த அலைகளோ சுமார் 200 வரை போகின்றன என்று அதே ஆண்டு வேறொரு குழு காட்டியது. ஆகவே 40-க்குக் கீழே இரண்டும் கலந்தே கிடக்கும். பிரித்தெடுப்பது நம் பொறுப்பு.

கழிக்கும்போதும் ஓர் எச்சரிக்கை. ஒன்றில் 130, மற்றதில் 100 என்றால் மீதி 30. ஆனால் பிழை 230-ன் வர்க்கமூலம், அதாவது 15. முப்பதில் பதினைந்து பிழை! இதை வைத்து மேடு இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் பல கிராம் படிகங்களை ஒரே திசையில் அடுக்கி, நாள் கணக்கில் நியூட்ரானை எண்ணுகிறார்கள்.

நீங்களும் பார்க்க

இந்த டேட்டாவைக் கையாளும் மான்டிட் என்ற சாப்ட்வேர் இலவசம். ஓப்பன் சோர்ஸ். 2007-ல் ஐசிஸில் தொடங்கியது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் உண்டு. அதன் தளத்திலேயே பயிற்சிக்கான டேட்டா கிடைக்கும். டவுன்லோடு செய்து, ஃபைலை லோடு செய்து, அதன் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ஸ்லைஸ் வியூவரைத் தேர்ந்தெடுங்கள். கலர் படம் வந்துவிடும். 8 ஜிபி ராம் இருந்தால் பயிற்சிக்குத் தாராளம்.

படிகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வெஸ்டா என்ற சாப்ட்வேர் இருக்கிறது. வியாபாரம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். படிக அமைப்பு ஃபைல்களை கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸ் தளத்தில் எடுக்கலாம். மவுசால் திருப்பித் திருப்பிப் பார்த்தால் இரும்பும் ஆர்சனிக்கும் அடுக்கடுக்காக இருப்பது புரியும். காந்த அலையைக் கணக்கிட்டுப் பார்க்க விரும்பினால் ஜூலியா மொழியில் ஓடும் சன்னி என்ற இலவசத் தொகுப்பு உண்டு. ஸ்பின்டபிள்யூ என்ற பிரபலமான தொகுப்பும் இலவசம்தான். ஆனால் அது மேட்லாபுக்காக எழுதப்பட்டது. மேட்லாபுக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஐசிஸில் எடுக்கும் டேட்டா பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. நம் பல்கலைக்கழக மாணவர்கள் துருவாவில் அளவீடு செய்ய யுஜிசி-டிஏஇ அறிவியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு வழியாக விண்ணப்பிக்கலாம். அணு உலை ஊரில் இல்லாவிட்டாலும் டேட்டாவைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு சாதாரண சிஸ்டம் போதும்.

அந்த மாணவி நான்காவது அத்தியாயத்தின் தலைப்பை அழித்துவிட்டு, "14-க்கு அருகில் தெரியும் அணு அதிர்வும் அதை அடையாளம் கண்ட விதமும்" என்று மாற்றினார். இரண்டு சோதனைகளின் படங்களையும் சேர்த்தார். ஒன்பதாம் நாள் என் கடையிலேயே பிரிண்ட் எடுத்தார். 64 பக்கம். கலர் பக்கங்களுக்கு நான் காசு வாங்கவில்லை.